பாலியிலருந்து வந்த நத்தைக் கல்

என் நாத்தனார் பாலித் தீவைச் சுத்திட்டு இன்னிக்கு அரியலூர் வந்தாங்க. ஆளுக்கொரு கிஃப்ட். எனக்குப் பஞ்சு வெச்ச பெட்டியில ஒரு நத்தைக் கல்.

"கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல்ல கிடந்த நத்தை, கல்லாயிடுச்சு. ஷோகேஸ்ல வை. உங்க ஊர்ல இதெல்லாம் எங்க பாக்கப்போறே"ன்னாங்க.

உங்க ஊராம்! அவங்க பொறந்து வளந்தது இதே வூட்லதான்.

சுண்ணாம்புக்கல் தோண்டுற குழிப் பக்கம் போனா கால்ல இடறுறதே இதுதான். அவங்க பக்கத்துல, கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கறதும் இதே நத்தைக் கல்லு. நாலு மடங்கு பெருசு.

மாமியார் அதைக் காட்டி மககிட்ட, "ஸ்கூல் படிக்கறப்ப நீ தூக்கிட்டு வந்ததுதானேடி இது?"ன்னாங்க.

நாத்தனார் போனை நோண்ட ஆரம்பிச்சிட்டாங்க.

பாலிக் கல்லை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துட்டேன். உங்க ஊர்ல இறைஞ்சு கிடக்கறதையே உங்களுக்குத் தீவுலருந்து யாராச்சும் வாங்கிட்டு வந்திருக்காங்களா?