காசு கொடுத்து வந்த நோயாளி

சத்தியபாமாவுக்குக் குளிர் ஆகாது. மெல்பேர்னுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவருடைய கால்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. இங்கே நடுக்குளிர்காலமான ஆடி மாதத்தில் நோபல் பார்க் வீட்டில் இரண்டு சோடி காலுறை போட்டு, அதற்கு மேல் கணவருடையதையும் இழுத்து விட்டுக்கொண்டு, ஹீற்றருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பார். அப்படிப்பட்டவர் சாகும்போது கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னைக் கடலிலை கரைக்காதேங்கோ. அந்தக் குளிருக்குள்ளை நான் மாட்டன். சுடுதண்ணியிலை கரையுங்கோ."

கணவர் யோகேஸ்வரன் ஓமென்று தலையாட்டினார். மகன் இளங்கீரனும் தலையாட்டினான். ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் வெப்பநிலையைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை.

இளங்கீரன் ரயில் பிரேக் பார்க்கும் எஞ்சினியர். அம்மா போன பிறகு வேலைக்குப் போனான், வந்தான், சமைத்தான். அழவில்லை. ஒரு வேலை பாக்கியிருந்தது. அதை முடிக்காமல் அழ வரவில்லை. சாம்பலை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று மாமி சொன்னதால் பெட்டி கராஜில் இருந்தது. அங்கே குளிருமே என்று அப்பா அதன் மேல் ஒரு கம்பளியைப் போட்டிருந்தார்.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி நெருங்கியது. அதற்கு முன் கரைத்தாக வேண்டும்.

மாமி என்பது அப்பாவின் தங்கை சிவமணி. கிரான்பர்னிலிருந்து நாள் தவறாமல் ஃபோன் எடுத்தார். "எல்லாரும் கடலிலைதானே கரைக்கினம். அண்ணிக்கு இருக்கேக்கையும் சொகுசு, செத்தும் சொகுசு."

"அவள் கேட்டவள், நான் ஓமெண்டனான்," என்றார் அப்பா. "கதை அவ்வளவுதான்."

பாமா திருகோணமலைக்காரி. அங்கே கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்துச் சனம் அந்தியேட்டி செய்வதும் அங்கேதான். ஆனால் அப்பாவுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை முடிந்த புதிது. டாக்டர் விமானப் பயணத்தை மறித்திருந்தார். தான் இல்லாமல் மகன் கொண்டுபோக அப்பாவும் விடமாட்டார். இங்கேயுள்ள வெந்நீர்க் குளியல் விடுதி ஒன்றுக்கு இளங்கீரன் எழுதிக் கேட்டான். ஆட்கள் குளிக்கிற இடம், மன்னிக்கவும் என்று பதில் வந்தது. நியாயம்தான்.

அப்போதுதான் அப்பா சொன்னார். "அவள் ஞாயிற்றுக்கிழமையிலை போற ஊற்று இருக்கே."

முதியோர் இல்லத்துச் சலவை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாமா பிடித்த பொழுதுபோக்கு அது. மெல்பேர்னிலிருந்து இரண்டு மணிநேரத் தூரத்தில் ஓர் ஊற்று ஊர். பிரிட்டிஷ் குடியேற்றக் காலத்தில் வாதக்காரர்களும் நெஞ்சுச் சளிக்காரர்களும் ரயிலில் வந்து, மிச்சத் தூரத்தைக் குதிரைக் கோச்சில் கடந்து, அங்கே தாதுநீரில் குளித்தும் குடித்தும் கிடந்தார்களாம். இப்போது ஊரவர்கள் சங்கம் வைத்து, அந்தக் காலத்து உடுப்போடு கோச் ஓட்டிக் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு மோனிகா அதில் கோச்சோட்டி. அவர்தான் பாமாவைக் கூட்டிப்போனவர்.

முதல் நாள் பாமாவுக்கு ஆயா வேடம் கொடுத்தார்கள். ஒரு துரைசானியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருக்க வேண்டும். பாமா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"நான் சொன்னன், ஆயா ஒருத்தருமில்லை. நான் நோயாளி. காசு குடுத்து வந்த நோயாளி. எனக்கு முன் சீற் வேணும்."

கொடுத்தார்கள். அதன் பிறகு தொப்பியும் நீளப் பாவாடையுமாக மோனிகாவுக்குப் பக்கத்தில் இருந்து, பயணிகளுக்குக் கதை சொல்லும் வேலை பாமாவுடையது.

வீட்டு ஆண்கள் இருவரும் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போய்விட்டது. ஆனால் ஊற்று என்றால் வெந்நீர் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. திருகோணமலையில் பெண் எடுத்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்ததில்லை.

மோனிகா நகரசபையிடம் அனுமதி வாங்கித் தந்தார். குடிக்கிற ஊற்றுக்குக் கீழே, ஓடையில் கரைக்கலாம்.

போன ஞாயிறு போனார்கள். கோச்சில்தான் கீழே கூட்டிப்போவேன் என்று மோனிகா பிடிவாதமாக நின்றார். இளங்கீரன் குனிந்து அடியைப் பார்த்தான். இரும்புச் சுருள் இல்லை. அடுக்கடுக்கான தோல்வாரில் வண்டிக்கூடு தொங்கியது. பிரேக் ஒரு மரக்கட்டை, காலால் மிதிப்பது. கட்டை எவ்வளவு நாளில் தேயும் என்று கேட்டான். அம்மா போன பிறகு அவன் ஆர்வமாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கோச் வள்ளம்போல் ஆடியது.

"இந்த வளைவில் பாமா எப்போதும் ஒன்று சொல்வார்," என்றார் மோனிகா. "நோயாளிகள் வீட்டிலிருந்து வரும்போது நல்ல சுகமாகத்தான் இருந்தார்கள், வாதம் இந்த வண்டியில்தான் ஏறிக்கொண்டது என்று."

அப்பா சிரித்துவிட்டார். பிறகு பெட்டியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

ஓடைக்கரையில் இறங்கியதும் அப்பா செருப்பைக் கழற்றி, குந்தி, தண்ணீரில் கையை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார்.

"தம்பி, இது ஐஸ்."

இளங்கீரன் தொட்டுப் பார்த்தான். ஐஸ்தான். மேலே ஓடிப்போய் ஊற்றுப் பம்பையும் அடித்துப் பார்த்தான். அதுவும் அப்படியே. சூடான ஊற்று எங்கே என்று மோனிகாவிடம் கேட்டான்.

"சூடா?" மோனிகா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இங்கே தண்ணீர் ஒருநாளும் சூடாக வந்ததில்லையே. அந்தக் காலத்தில் விறகு போட்டுக் காய்ச்சித்தான் நோயாளிகளைக் குளிக்க வார்த்தார்கள். கோச்சில் வருகிற எல்லாருக்கும் பாமா இதைத்தானே சொல்வார்."

எல்லாருக்கும். வீட்டிலிருந்த இரண்டு பேரைத் தவிர.

அப்பா ஒரு மரக்குற்றியில் இருந்துவிட்டார். "ஏமாத்திப்போட்டன் அவளை. ஓமெண்டு சொல்லி ஏமாத்திப்போட்டன்."

மோனிகாவுக்குத் தமிழ் தெரியாது. முகம் தெரிந்தது. பழைய குளியலறைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அடுப்பில் பெரிய செப்புக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. ஞாயிறுகளில் பயணிகளுக்குக் காட்ட மூட்டுவார்களாம். ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் பாமா இதில் ஒரு பேசின் மொண்டு, கால் இரண்டையும் அதற்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருப்பாராம். அடுத்த ஓட்டத்துக்கு எழுப்புவது பெரும்பாடாம்.

அப்பா கொப்பரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊற்றுத் தண்ணிதானே இது?"

"ஓம் அப்பா."

"சூடுதானே அவள் கேட்டவள். எங்கை ஊறினது எண்டு கேக்கேல்லை." பிறகு யோசித்தார். "ஆனா ஓடைக்குள்ளை ஊத்தின உடனை குளிர்ந்துபோமே."

அது இளங்கீரனுக்கும் தெரியும். சுற்றிப் பார்த்தான். குளியல் தொட்டியிலிருந்து ஓடை வரைக்கும் ஒரு கல் வாய்க்கால், கழிவுநீர் போக அந்தக் காலத்தில் கட்டியது, நல்ல நீளம்.

"முதல் வெறும் சுடுதண்ணியை இதிலை விடுவம். கல்லுச் சூடேறட்டும். பிறகு அம்மாவை விட்டால் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஆறும். ஓடைக்குப் போகேக்கை பழகியிருப்பா."

"அப்பிடி நடக்குமோ?"

"நடக்கும்."

மோனிகாவும் சேர்ந்து வாளி வாளியாக ஊற்றினார்கள். கல்லிலிருந்து ஆவி எழுந்தது. அப்பா ஒரு செம்பில் நீரை எடுத்து முழங்கையை நனைத்துப் பார்த்தார், பிள்ளைக்கு வார்க்கப் பதம் பார்ப்பதுபோல. கொஞ்சம் பச்சைத்தண்ணீர் விடச் சொன்னார். மறுபடி பார்த்தார். சரியென்றார். தேவாரம் ஒன்றை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே சாம்பலைக் கலந்து ஊற்றினார். சாம்பல் நிறத் தண்ணீர் அவசரப்படாமல் வாய்க்காலில் இறங்கிப்போயிற்று. இளங்கீரன் கூடவே நடந்து, ஓடையில் சேரும் இடத்தில் கைவைத்துப் பார்த்தான். இளஞ்சூடு இருந்தது.

"அப்பா, இன்னும் சூடு."

அப்பா நெடுமூச்சு விட்டார். பல நாளாக நெஞ்சில் நின்ற மூச்சு.

கரைத்தால் முழுக வேண்டும். அது முறை. ஓடையில் முழுகினால் அடுத்த அந்தியேட்டி தனக்குத்தான் என்றார் அப்பா. மோனிகா பழைய குளியலறைக் கதவைத் திறந்து, நோயாளிகள் படுத்த துத்தநாகத் தொட்டியைத் துடைத்துக் கொடுத்தார். இளங்கீரன் கொப்பரையிலிருந்து சுமந்து சுமந்து நிரப்பினான். அப்பா உள்ளே இறங்கிக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இதயத்தை நினைத்துப் பயந்து கதவைத் தட்டினான்.

"இருக்கிறன், இருக்கிறன்," என்றது உள்ளிருந்து சோம்பலான குரல். "இன்னும் ஒரு வாளி கொண்டு வா. அதுக்குப் பிறகு நீயும் முழுகு."

இளங்கீரன் வாளியோடு கொப்பரையடிக்குப் போனான். ஆவி முகத்தில் அடித்தது. அங்கே நின்று நன்றாக அழுதான். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, வாளியை நிரப்பிக்கொண்டு வந்தான்.