அந்தப் பக்கத்து முகவரி

எங்கள் ஊரில் அநேகமாக எல்லோருடைய போனிலும் இரண்டு வீட்டு முகவரி இருக்கும். ஒன்று பாறசாலைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் சொந்த வீடு. மற்றது களியக்காவிளை தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் அக்கா வீடோ சித்தப்பா வீடோ. ஆன்லைனில் ஒரு பொருளைப் பார்த்து நம் பின்கோடைப் போட்டால் இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது என்று வரும். அந்தப் பக்கத்துப் பின்கோடைப் போட்டால் நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று நிற்கும். சில பொருட்களுக்கு இது நேர்மாறாகவும் இருக்கும். எது சீக்கிரம் வருமோ அந்த வீட்டைத் தொட்டுவிடுவோம். சாயங்காலம் யாராவது ஸ்கூட்டரில் போய் எடுத்து வருவார்கள். இதில் பிழை வரக்கூடும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மகளுக்கு ஹெட்போன் வாங்கியதும் அப்படித்தான். அவள் பிளஸ் டூ படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே இடது காது கேட்காது. வலது காதில் மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும். மெஷினுக்கு மேலேயே வைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்த பெரிய ஹெட்போன் ஒன்றைப் பார்த்து, வீடியோ பாடம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். என் கணவரின் அக்கா, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவர் வீட்டு முகவரிக்கு வரவழைத்தோம்.

வந்த ஹெட்போன் அவள் காதில் அழுத்தியது. மெஷினிலிருந்து விசில் வந்தது. காதில் சரியாக உட்காராவிட்டாலோ கையால் பொத்தினாலோ அந்த மெஷின் ‘கீ’ என்று கத்தும். கத்துவது அவளுக்குத் தெரியாது. சாப்பிடும்போது, கோயிலில், பஸ்ஸில் எல்லாம் நான்தான் அவள் தோளைத் தட்டி, “மக்கா, மெஷினைச் சரியா வை, ஆளுக்காரு பாக்குதாவ” என்று எரிந்து விழுவேன்.

ஹெட்போனைத் திருப்பி அனுப்ப ஆப்பில் அழுத்தினோம். அதற்குள் மைனி, மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. பார்சலை எடுக்க வந்தவர் அந்த வீட்டு முன்னால் நின்று எனக்குப் போன் செய்தார்.

“அக்கா, வீடு பூட்டியிருக்கே.”

“அண்ணே, பாக்ஸ் எனக்க கையிலயாக்கும் இருக்கு. நேரா வந்து சானல் பாலத்துல நில்லுங்க. நான் ஓடி வாறேன்.”

“அது கேரளா இல்லியா?”

“கேரளான்னா என்ன, சமுத்திரமா? நாலு மிதி மிதிச்சா வந்துரலாம்.”

அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நான் ஹெட்போனை அதன் பெட்டிக்குள் வைத்தேன். கூடவே வந்த ஒயர், சின்னத் துணிப்பை, மேசையில் கிடந்த எல்லாவற்றையும் அள்ளி உள்ளே போட்டு, அவர்கள் அனுப்பிய அதே அட்டைப்பெட்டியில் அடைத்து டேப் ஒட்டினேன். கால்வாயை நாங்கள் சானல் என்போம். அதன் பாலத்தில் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே பெட்டியைக் கொடுத்தேன். அவருடைய போன் ஏனோ ஸ்கேன் செய்ய மறுத்தது. “ரேஞ்சு இல்லை. ஆபீஸ்ல போய் போட்டுக்கிடுதேன்” என்று பைக்கில் ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு மேசையடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எனக்க மெஷின் எங்க?”

கடைசியாக ஒருமுறை ஹெட்போனை மெஷின் இல்லாமல் போட்டுப் பார்த்திருக்கிறாள். மெஷின் தொலைந்துவிடக் கூடாது என்று கவனமாக அந்தச் சின்னத் துணிப்பையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள்.

நான் பெட்டிக்குள் அள்ளிப் போட்ட அதே துணிப்பை. வந்தவரின் எண்ணைத் திரும்பக் கூப்பிட்டால் ‘இந்தச் சேவை தற்போது இல்லை’ என்றது. அது அவருடைய எண்ணே இல்லை. நிறுவனம் தற்காலிகமாகக் கொடுக்கும் ஏதோ எண்.

அடுத்த வாரம் அவளுக்குப் பிராக்டிகல் தேர்வு. வெளிப் பள்ளியிலிருந்து வரும் ஆசிரியர் எதிரில் நின்று கேள்வி கேட்பார். கேட்டதும் பதில் சொல்ல வேண்டும். நகரத்தில் அவளுக்கு மெஷின் வைத்த இடத்துக்குப் போன் செய்தேன். புதியதாக வைக்க அளவெடுத்து, வரவழைத்து, அவள் காதுக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும், தேர்வுக்குள் நடக்காது என்றார்கள். பழைய மெஷின் ஒன்று இருந்தது. அது எப்போதோ தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது.

பிறகு அந்த நிறுவனத்தோடு தொடங்கியது வழக்கு. வழக்கு என்றால் கோர்ட்டில் இல்லை. நெய்யாற்றின்கரையில் என் அலுவலகம் கோர்ட்டுக்குப் பக்கத்தில்தான். ஆனால் நான் வாதாடியதெல்லாம் அலுவலக மாடிப்படியில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டுதான்.

முதலில் மலையாளத்துக்கான எண்ணை அழுத்தினேன். எடுத்த பெண், “மேடம், இது தமிழ்நாடு அட்ரஸ் அல்லே?” என்று கேட்டு என்னைத் தமிழுக்குத் தள்ளிவிட்டாள். தமிழில் எடுத்தவள் மிகவும் பணிவாகப் பேசினாள்.

“மேடம், பார்சல் உங்களுக்கு டெலிவரி ஆகிவிட்டதாகக் காட்டுகிறது.”

“எனக்கு எப்படி வரும்? உங்களுக்குக் கொடுத்ததே நான்தானே?”

“நீங்கள் கொடுத்ததாகப் பதிவு இல்லை மேடம். பொருள் உங்களிடம் இருப்பதால் ரிட்டர்ன் ரத்து செய்யப்பட்டுள்ளது.”

“எங்கிட்ட இல்லை. உங்ககிட்டதான் இருக்கு. அதுக்குள்ள எம் பிள்ளைக்க காது இருக்கு.”

“காதா மேடம்?” என்றாள். நான் சொன்னது அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. மெஷின் என்று விளக்கிச் சொன்னேன். பெட்டியோடு போன சொந்தப் பொருட்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று வாசித்தாள். ஹெட்போன் காசு வேண்டாம், பெட்டி எங்கே கிடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். புகார் பதிவு செய்திருக்கிறேன், காத்திருங்கள் என்றாள். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுப்பார். ஒவ்வொரு முறையும் காது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வீட்டில் மகள் அறைக்குள் இருந்துகொண்டு எனக்கு வாட்ஸ்அப்பில் பேசினாள். ‘அம்மா, சாயா வேணும்.’ ‘அம்மா, அழுதியா? மூக்கு சுவந்து இருக்கு.’ மெஷின் இல்லாமல் அவள் குரல் சத்தமாகிவிடும். அதனால் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டாள். பாத்திரத்தை வைத்தால் டமாரென்று வைப்பாள்.

என் கணவர் டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிறவர். மாலையில் சிமெண்ட் படிந்த காலோடு வந்து நான் போனில் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். வைத்ததும், “நீ நல்ல வக்கீலாட்டு பேசுதா. சாதனம் மட்டும் வரல்ல” என்றார். கோபம் வந்தது. ஆனால் அவரும் மத்தியானச் சோற்றைத் தொடாமல் திரும்பக் கொண்டுவந்திருந்தார்.

டெலிவரி ஆனதற்கு என்ன ஆதாரம் என்று நான் விடாமல் கேட்டதில், ஒருநாள் காலை ஒரு போட்டோவை அனுப்பினார்கள். எங்கள் அட்டைப்பெட்டிதான். நான் கோணலாக ஒட்டிய டேப் தெரிந்தது. ஒரு சிமெண்ட் திட்டின்மேல் இருந்தது. பக்கத்தில் நைந்த கயிறு, ஒரு பலா இலை, ஏதோ இரும்பு வளையம். இது எங்கள் வீடு இல்லை, யாரோ அன்னியர் வீட்டில் போட்டிருக்கிறீர்கள் என்று சூடாக எழுதி அனுப்பினேன். மைனியின் வீட்டு வாசலில் பளபளவென்று கிரானைட் போட்டிருக்கும். அதனால் அந்த வீடாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கணவர் அந்தப் படத்தைச் சும்மா சென்னைக்கு அனுப்பி வைத்தார். உடனே மைனி என்னைக் கூப்பிட்டார்.

“எட்டி, அது எனக்க தொழுத்தாக்கும்! பசுவுக்குப் புல்லு போடுத தொட்டி. கயிறு கண்டா தெரியாண்டாமா?”

தொழுத்து என்றால் மாட்டுக் கொட்டில். பசுவை விற்று ரொம்ப நாளாகிறது. கொட்டில் மட்டும் வீட்டுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது.

“அங்க எதுக்கு மைனி கொண்டு வச்சான்?”

“நாந்தான் சொல்லிப் போட்டிருக்கேன். வீடு பூட்டிக் கிடந்தா தொழுத்துல வச்சிருங்கடே, மழை நனையாதுண்ணு. ஏன், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?”

“பேறு பாக்கப் போனவிய, உங்கள எதுக்கு தொந்தரவு செய்யணும்ணு…”

“நல்ல காரியம். வேகம் ஓடு. அடுத்த வீட்டுக்காரி நேத்து கோழிக்குத் தீனி போட வந்துட்டு எனக்க கிட்ட பறஞ்சா. தொழுத்துல ஒரு சீவீடு கெடந்து பகலெல்லாம் கத்துதுண்ணு.”

சீவீடு, சில்வண்டு. அது இருட்டினால்தானே கத்தும்? பகலெல்லாம் கத்துவது மெஷினாகத்தான் இருக்கும். கழற்றி வைக்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து வை, வை என்று மகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவள் ஒருநாளும் செய்ததில்லை.

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். களியக்காவிளைச் சந்தை நெரிசலில் வாழைக்குலை வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். இரண்டு முறை வண்டி நின்றுபோனது. சத்தம் நின்றிருந்தால், பேட்டரி தீர்ந்திருந்தால் பரவாயில்லை. நாய் இழுத்திருந்தால்? நேற்று இரவு மழை பெய்ததே?

கேட்டைத் திறந்து பின்பக்கம் ஓடினேன். ஓலை சரிந்த கொட்டிலுக்குள் பழைய சாணத்தின் உலர்ந்த மணம். தொட்டித் திட்டின்மேல் எங்கள் பெட்டி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெலிதாக, மிக மெலிதாக, ‘கீ…’

அத்தனை வருடம் நான் எரிந்து விழுந்த சத்தம்.

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைக் காதில் வைத்துக் காட்டித் தலையை ஆட்டினேன். அவள் பாய்ந்து பெட்டியை எடுத்து டேப்பைப் பல்லால் கடித்தாள். துணிப்பை காய்ந்தே இருந்தது. மெஷினைக் காதில் வைத்தாள். சத்தம் நின்றது.

“மக்கா, கேக்குதா?”

“கேக்குது. மெதுவாப் பேசு, அந்த மாமி பாக்குதாவ.”

வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பெண் கோழித்தீனிச் சட்டியோடு நின்றிருந்தார். “இந்தச் சீவீட்டுக்கா ரெண்டு பேரும் இப்பிடி ஓடி வந்திய?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது அழுகையாக மாறி, அந்தத் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. பாலத்தில் ஸ்கேன் ஆகாத பெட்டியை, வாங்கிப் போனவர் ஆபீஸில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன்மேல் பழைய லேபிளை நான் கிழிக்கவில்லை. மறுநாள் வேறொருவர் அதைப் பார்த்து, டெலிவரி செய்யாமல் விட்ட பார்சல் என்று நினைத்து, எழுதியிருந்த வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டார். நிறுவனம் சொன்னது பொய்யில்லை. நான் சொன்னதும் பொய்யில்லை. அவர்கள் ஒழுங்காக வேலை செய்திருந்தால் மெஷின் எங்கோ தூரத்துக் கோடவுனில், ஆயிரம் பெட்டிகளுக்கு அடியில் கத்திக் கத்திச் செத்திருக்கும். எந்தப் பிழைக்காக அவர்களோடு மல்லுக்கட்டினேனோ அதுதான் அதை எங்களுக்குக் காப்பாற்றித் தந்தது.

பெட்டி கிடைத்துவிட்டது, உள்ளே இருந்ததும் கிடைத்துவிட்டது, தவறான இடத்துக்கு வரச் சொன்னது நான்தான் என்று அவர்களுக்கு எழுதினேன். சூடாக எழுதியதற்கு வருத்தமும் சொன்னேன். அவர்கள் ரிட்டர்னைத் திரும்பத் திறந்தார்கள். இந்த முறை நான் மைனி வீட்டு வாசலிலேயே போய் உட்கார்ந்திருந்தேன். பாலத்துக்கு வந்த அதே மனிதர்தான் வந்தார். நான் பழைய லேபிளைக் கிழித்து, பெட்டியைத் திறந்து, துணிப்பையை உதறிக் காட்டி, மறுபடி திறந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் கொடுத்தேன்.

“இப்ப எடுக்குது பாத்தியளா அக்கா? உங்க பாலம் எனக்க போனுக்கு வெளிநாடு” என்றார். ஸ்கேன் ‘டிங்’ என்றது. அவரிடம் மெஷின் விஷயத்தைச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலையில் கைவைத்தார். “அய்யோ, நான் வழியெல்லாம் பைக்குக்க செயின் கத்துதுண்ணுல்லா நெனச்சேன்.”

பணம் திரும்ப வந்ததாகச் செய்தி வந்தது. ஹெட்போன் வழக்கு முடிந்தது என்று கணவர் அறிவித்தார்.

தேர்வு அன்று பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றேன். வர வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. அவள் பைய நடந்து வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

“எப்பிடி இருந்துது? கேள்வியெல்லாம் கேட்டுதா?”

“எல்லாம் நல்லா கேட்டுது. ஒண்ணுக்கு மட்டும் ஆன்சர் தெரியல்ல. அதுனால கேக்காதது போல நின்னேன். பாவம் அந்த சார், வேற ஈசியா ஒண்ணு கேட்டாரு.”

திட்ட வாயைத் திறந்தேன். அவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி, தோளில் சாய்ந்து, மெஷின் காதை என் முதுகில் அழுத்திக்கொண்டாள். ‘கீ’ என்று கத்தியது. கேட்டருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மெஷினைச் சரியாக வைக்கச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினேன்.