ஒரு ஓட்ட வித்தியாசம்

எங்கள் வட்டார கிரிக்கெட் லீக்கின் ஆட்டக்காரர் பதிவுப் படிவத்தில் மொத்தம் பதினொரு கட்டங்கள். ஏழாவது கட்டம், ‘இவ்வூரில் எத்தனை ஆண்டாகக் குடியிருப்பு?’ என்று கேட்கும். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும் அது. படிவத்தை வரைந்தவன் நான். ஸ்டென்சில் வெட்டி உருட்டியவனும் நான். லீக்கின் முப்பத்துநான்கு விதிகளையும் எழுதியவன் நான்தான். கிளப்புகள் வெளியூர் ஆட்களைப் பிடித்துக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக, குறைந்தது ஓராண்டாவது அந்த ஊரில் வசித்திருக்க வேண்டும் என்று ஒன்பதாம் விதியைச் சேர்த்தேன். அதனால் எல்லாருக்குமே ஏழாவது கட்டத்தில் ‘ஒரு வருடம்’ என்று எழுதிவிடுவது வழக்கம். விதி கேட்பது அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத இடமும் கிடையாது. நான்கு தலைமுறையாக எங்கள் ஊரிலேயே மிராசு செய்துவந்த எங்கள் கிளப் செயலாளருக்கும் ‘ஒரு வருடம்’தான்.

எட்டு கிளப்புகள். ஒன்று கும்பகோணம், ஒன்று திருவையாறு, மற்றவை சிற்றூர்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஆட்டங்கள் தொடங்கும். எல்லாப் பக்கமிருந்தும் ரயில் வந்து சேர்வதால் முக்கிய ஆட்டங்கள் நீடாமங்கலத்தில் நடக்கும். மண் ஆடுகளத்தின் மேல் கயிற்றுப் பாய் விரித்து இருபத்தாறு ஆணி அடிக்க வேண்டும்; ஆணிகளை நானே எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவேன். செயலாளரின் குடும்பம் நடத்திய பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். ஆகவே லீக்கின் கணக்கும் என்னிடம் வந்தது.

செயலாளரின் பண்ணையில் வேலை செய்த ஓர் இளைஞனை எல்லாரும் லெஃப்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கையால் வீசுவான். பாயில் விழுந்த பந்து கால் பக்கம் வருவதுபோல் வந்து, சட்டென்று வெளியே திரும்பும். எட்டாம் வகுப்புவரை படித்தவன். செயலாளருடைய தென்னந்தோப்பின் ஓரத்தில் அவன் தாத்தா போட்ட குடிசையிலேயே பிறந்தவன். “இவன நம்ம கிளப்புல சேத்துடுங்க வாத்தியாரே, கோப்பை நமக்குத்தான்” என்றார் செயலாளர். சேர்த்தேன். ஏழாவது கட்டத்தில் ‘ஒரு வருடம்’ எழுதினேன். கீழே அவன் கையெழுத்துப் போட்டான்.

மேடைதோறும் உழுபவனுக்கே நிலம் என்று பேசிய காலம் அது. செயலாளரும் காற்றறிந்து ஆளுங்கட்சிக் கரைத்துண்டுக்கு மாறியிருந்தார். பிறர் நிலத்தில் குடியிருந்த கூலியாட்களுக்கு மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. ஒரு குறிப்பிட்ட நாளில் அங்கே குடியிருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. லெஃப்ட்டு மனுப் போட்டான். தாலுகா அலுவலக விசாரணையில் செயலாளர் தரப்பு எடுத்து வைத்த ஒரே காகிதம், என் படிவம். ஒரு வருடம்தான் குடியிருப்பு என்றால், சட்டம் சொன்ன நாளுக்கு அப்புறம் வந்தவன் என்றாகிறது. என்னைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டார்கள். எழுத்து உங்களுடையதா? ஆமாம். கையெழுத்து இவனுடையதா? ஆமாம். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன் என்கிற மூன்றாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செயலாளர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்கு மூன்று பெண்கள். பள்ளியில் என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மனு தள்ளுபடியானது. தஞ்சாவூரில் மேல்முறையீடு செய்தான். அது விசாரணைக்கு வரும்வரை குடிசை நின்றால்தான் தடை உத்தரவு கிடைக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். செயலாளர் சிரித்துக்கொண்டே ஒரு வழி சொன்னார்: “நம்ம டீம் ஆடுற வரைக்கும் இருந்துக்கடா. தோத்த மறுநாள் கீத்த பிரிச்சிடுவேன். ஜெயிச்சிக்கிட்டே இரு, யாரு வேணாங்கிறா?” அரையிறுதிக்கு முன் இரண்டு ஆட்டம், பிறகு அரையிறுதி. மூன்றிலும் சேர்த்து லெஃப்ட்டு இருபது விக்கெட் எடுத்தான். கூரைக்காக ஒருவன் பந்து வீசுவதை அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்தேன். கூட்டம் கை தட்டியது. விஷயம் தெரிந்தவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். “வீசுடா, வூடு போயிடும்!” என்று எல்லைக்கோட்டிலிருந்து ஒருவர் கத்த, செயலாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இறுதியாட்டம் கும்பகோணத்துடன். வென்றாலும் தோற்றாலும் அன்றோடு லீக் முடிந்துவிடும். மேல்முறையீடு அடுத்த வியாழக்கிழமை. அதுவரை குடிசை நிற்க ஒரே ஒரு வழி இருந்தது. ஓட்டங்கள் சமமானால் அடுத்த ஞாயிறு மறு ஆட்டம் என்பது முப்பத்தோராம் விதி. காலையில் பாய் விரிக்கும்போது அந்த விதியை அவன் என்னிடம் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டான்.

நாங்கள் நூற்றுப்பதினெட்டு. அவர்கள் ஒன்பது விக்கெட் போய், பலகையில் நூற்றுப்பதினெட்டு தொங்கியபோது லெஃப்ட்டு கடைசி ஆளின் நடுக்குச்சியைச் சாய்த்தான். சமம். ஆட்டக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். அவன் ஒருவன் மட்டும் வயல் வரப்பைத் தாண்டி, நான் ஸ்கோர் எழுதிய மேசைக்கு ஓடி வந்தான். “சார், அடுத்த ஞாயிறும் உண்டுல்ல சார்?”

நான் கூட்டிக்கொண்டிருந்தேன். வீச்சாளர் பக்கம் கூட்டினாலும் மட்டையாளர் பக்கம் கூட்டினாலும் அவர்கள் கணக்கு நூற்றுப்பதினேழுதான் வந்தது. இருபத்திரண்டாம் ஓவரில் ஒருவர் கோட்டைத் தொடாமலே திரும்ப, ஓர் ஓட்டம் குறை என்று நடுவர் தோளைத் தொட்டுக் காட்டினார். பலகைக்காரர் அதைப் பார்க்கவில்லை. கும்பகோணத்து ஸ்கோரர் பலகையைப் பார்த்தே எழுதியவர். தப்பு தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

அவன் மேசைமேல் குனிந்து என் பென்சில் நின்ற இடத்தைப் பார்த்தான். படிக்கத் தெரிந்தவன். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “சார், அந்த ஒண்ணு இருக்கட்டும் சார்.”

“கணக்குன்னா கணக்குதாம்ப்பா” என்றேன்.

“ஒரு வருஷம்னு எழுதுனீங்கள்ல சார். ஒரு ரன்னு எழுதமாட்டீங்களா?”

அதற்குள் செயலாளர் வந்துவிட்டார். “என்ன வாத்தியாரே, ரொம்ப நேரமா கூட்டுறீங்க?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி இருபத்திரண்டாம் ஓவரைக் காட்டினேன். நடுவரும் ஆமாம் என்றார். ஒரு ஓட்டத்தில் வென்றோம். செயலாளர் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். வெடி வெடித்தது. லெஃப்ட்டையும் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அவன் இறங்க முயன்றுகொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை காலையில் பண்ணை ஆட்கள் கூரையைப் பிரித்தார்கள். “சொன்ன வாக்குல நான் தவறலயே வாத்தியாரே” என்றார் செயலாளர். வியாழக்கிழமை தஞ்சாவூரில், இல்லாத வீட்டுக்கு எப்படித் தடை கொடுப்பது என்று கேட்டார்களாம். அன்றைக்குப் பிறகு அவன் ஊரில் தென்படவில்லை. திருப்பூர் என்றார்கள், பம்பாய் என்றார்கள்.

பிரித்த கீற்றுகள் வீணாகவில்லை. பள்ளி மைதானத்தில் பரிசளிப்புப் பந்தலுக்குப் பழைய கீற்றே போதும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். முன்வரிசையில் எனக்கு நாற்காலி. வாத்தியாரின் நேர்மையால் கிடைத்த கோப்பை இது என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்னபோது கை தட்டினார்கள். நான் அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே முப்பத்தெட்டு கீற்று. அடுப்புப் புகை ஏறிக் கறுத்தவை பதினாறு. அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது.

இப்போது லீக்கில் கிளப்புகள் அதிகம். பாய் போய்ப் புல்தரை வந்துவிட்டது. ஆண்டு மலருக்கு லீக்கின் வரலாறு எழுதித் தரும்படி சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். அந்த இறுதியாட்டம் பற்றிக் கேட்டார்கள். எங்கள் கிளப் ஒரு ஓட்ட வித்தியாசத்தில் வென்றது என்று எழுதிக் கொடுத்தேன். நன்றாகப் பந்து வீசியவர் யார் என்று ஒருவன் கேட்டான். “லெஃப்ட்டு” என்றேன். “அவரோட பேர் என்ன சார்?” என்றான். பதினொரு கட்டங்களில் முதல் கட்டம் பெயர்தான். என் கையாலேயே எழுதியது. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.