குளிரில் தூங்கிய பாலைத் திராட்சை

மாண்ட்ரியாலில் நவம்பர் பிறந்தால் வாசலில் நிற்கும் புதர்களுக்கெல்லாம் சாக்கு உடுத்திக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் வந்த புதிதில், தெருவே மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்கிறது என்று என் மனைவி கமலா நினைத்தாள். செடிக்குக் குளிரும், அதனால்தான் சட்டை என்று நான் விளக்கினேன். தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன் சொன்னால் அவள் மறுத்தா பேசப் போகிறாள்?

அந்தப் பட்டத்தை நம்பித்தான் பல்கலைக்கழகக் கண்ணாடிக் கூடத்தில் நான்கு தொட்டிகளை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் ஓர் ஊற்றங்கரையில் படர்ந்திருந்த காட்டுத் திராட்சை அவற்றில் இருந்தது. ஊற்று வற்றி, கொடிகளும் காய்ந்துபோயின. அதற்கு முன்பே அங்குள்ள ஆராய்ச்சியாளர் அம்மாள் ஒருவர் வெட்டி அனுப்பிய குச்சிகளில் பிழைத்தவை இந்த நான்கும்தான். அந்தக் கொடிக்கு உலகத்தில் வேறு வாரிசு கிடையாது. பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, புளிப்போ பல் கூசும் என்று அவர் எழுதியிருந்தார். ஆனால் உப்பு மண்ணிலும் வறட்சியிலும் தாக்குப்பிடிக்கும். நாளைக்கு எந்த ஊர்த் திராட்சைக்கும் இந்தக் குணம் தேவைப்படலாம்.

குளிர் தொடங்கியதும் நான்கும் இலையை உதிர்த்தன. கூடத்தைப் பராமரிக்கும் கஸ்தோன், என்னைக் கேட்காமலே தொட்டிகளைச் சூடேற்றாத பின்கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, எனக்குப் பிரெஞ்சு புரியாது என்பதால் கன்னத்தில் கைவைத்துக் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினார். புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை. செடிகளின் குளிர்கால உறக்கம் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனால் திண்டுக்கல் பக்கத்துத் திராட்சை தூங்கி நான் பார்த்ததில்லை. அங்கே வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்வார்கள். வெட்டிய பதினைந்து நாளில் தளிர் வந்துவிடும். வெறும் குச்சியாகவே நின்றால் அது விறகு. பாலைவனத்துப் பிள்ளையைப் பனிக்குள் தள்ளிவிட்டானே இந்த மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு தொட்டியாகக் கம்பளியில் சுற்றி மெட்ரோவில் வீட்டுக்குக் கடத்தினேன். ஒரு பெண்மணி, உள்ளே இருப்பது குழந்தை என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். "மெர்சி" என்று நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டேன். நான்காவது தொட்டி கனமாக இருந்ததால் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன்.

சமையலறையில், வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயருகே மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

"நான் குளிருதுன்னு சொன்னா ஸ்வெட்டரைப் போட்டுக்கோன்னு சொல்றீங்க, குச்சிக்கு மட்டும் ராஜ உபசாரமா?" என்றாள் கமலா.

டிசம்பரில் மூன்றும் துளிர்த்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜனவரியில் தளிர்கள் வெளிறி நூலாக நீண்டன. பிப்ரவரியில் மூன்றும் செத்துப்போயின. அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஊரே இல்லாமல் போன ஒன்றைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். தூங்க வேண்டியதை எழுப்பிவிட்டு, நான் பாசத்தாலேயே கொன்றிருந்தேன்.

கஸ்தோனிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. கொட்டகையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "ஏப்ரலில் வா" என்றார் ஆங்கிலத்தில். ஏப்ரலில் அவரே கதவைத் திறந்துவிட்டார். நான்காவது குச்சியின் கணுக்களில் பஞ்சு போல மொட்டுகள். என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், இரண்டு நாள் வலித்தது.

சில வருஷம் கழித்து அந்த ஆராய்ச்சியாளர் அம்மாள் வற்றாத வேறோர் ஊற்றைக் கண்டுபிடித்தார். எங்கள் கொடியிலிருந்து வெட்டிய குச்சிகளைத் தூக்கம் கலையாமல் அனுப்பிவைத்தோம். அவை வேர்பிடித்துப் படர்ந்துவிட்டன, வந்து பாருங்கள் என்று எழுதினார். நானும் கமலாவும் கோடை விடுமுறையில் போனோம். நெருப்பாகக் கொட்டும் வெயில், சிவந்த மண், கருவேலம் போல முள்மரங்கள். கமலா முகத்தை வெயிலுக்குக் காட்டி நின்றாள். அத்தனை வருஷத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

கொடிக்குக் காவலிருந்த கிழவர், நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்.

"மாண்ட்ரியால்" என்றேன்.

கமலா திரும்பிப் பார்த்தாள். "திண்டுக்கல்லுன்னுதானே எப்பவும் சொல்வீங்க?"

எனக்கு அந்த வெயில் தாங்காமல் தலை சுற்றியது. அவள் வெயிலிலேயே நின்றாள். நான் அந்தக் கொடி விரித்திருந்த கையகல நிழலுக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.