ஜன்னலோரம் நிற்கும் கதாநாயகன்

எக்ஸ்ரே அக்காவுக்கு எலும்புக்கூடு என்றால் பயம் கிடையாது. ஸ்கேன் சென்டரில் தினமும் பத்துப் பேருடையதையாவது பார்க்கிறாள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், சிலது கொஞ்சம் தேய்ந்திருக்கும். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவாள். அவள் சொன்னபடி கேட்கிறவர்கள் உலகத்திலேயே அந்த ஒரு அறையில்தான் இருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் மகா பயந்தாங்கொள்ளி. காரணம் ஒரு திகில் எழுத்தாளர். அவருடைய புது நாவல் வந்தால் வாடகை நூலகத்தில் முதல் ஆளாய் நிற்பாள். படித்து முடித்தபின், தங்கையைக் குளியலறை வாசலில் பாட விட்டுவிட்டுத்தான் குளிப்பாள். பாட்டு நின்றால் உள்ளேயிருந்து அலறல் கேட்கும்.

பயத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த நாவல்களில் ஒரு கதாநாயகன் வருவான். பெயர் மாறும், ஆள் மாறமாட்டான். உயரமாக இருப்பான், ஜன்னலோரம் நின்று வெளியே வெறிப்பான், என்ன கேட்டாலும் பதில் சொல்லமாட்டான். அவன் மனசுக்குள் ஆழம் காண முடியாத ஏதோ ஒன்று இருப்பதாக எழுத்தாளர் பக்கத்துக்குப் பக்கம் சத்தியம் செய்வார். நம்மவள் நம்பினாள். வரன் பார்த்தபோது, வந்த நிமிஷத்திலிருந்து கலகலவென்று பேசி வீட்டையே சிரிக்க வைத்த ஒருவரை 'ஆழமில்லை' என்று தள்ளிவிட்டாள். அடுத்து வந்தவர் உயரமாக இருந்தார். ஜன்னல் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றதற்கு "ஒண்ணுமில்லை" என்றார். அத்தோடு முடிவாகிவிட்டது. நிறைகுடம் தளும்பாது என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டாள். காலிக் குடமும் தளும்பாது என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

அவர் குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போடுகிறவர். மகன் பிறந்தபோது "பையனா?" என்றார். அந்தப் பையன் வளர்ந்து வெளியூருக்குப் படிக்கப் போனபோது "கிளம்பிட்டானா?" என்றார். நடுவில் இருந்த பதினெட்டு வருஷமும் "ம்". நாவல் படிக்கிற பழக்கம் குழந்தை வளர்ப்பிலும் ஷிஃப்ட் வேலையிலும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

இப்போது சென்டர் வேறொரு ஊரில் கிளை திறக்கிறது. எக்ஸ்ரே பிரிவு முழுவதையும் அவள் பொறுப்பில் விடுவதாக மேனேஜர் சொன்னார். தங்குவதற்கு அறையும் உண்டு, திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். கணவரிடம் சொன்னாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். "உன் இஷ்டம்" என்றார்.

அது போ என்பதா, போகாதே என்பதா? அந்த மௌனத்துக்குள் தனக்கென்று ஏதாவது இருந்தால் அவள் போகமாட்டாள். ஒன்றுமே இல்லையென்றால் எதற்காக இருக்க வேண்டும்? எலும்பு வரை காட்டுகிற மெஷினிலும் இது தெரியாது.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் அந்த எழுத்தாளரின் பழைய பங்களா நாவல் புது அட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தன்னை மாட்டிவிட்ட தரகரையே கையும் களவுமாகப் பிடித்த ஆத்திரத்தோடு வாங்கினாள்.

ஞாயிறு காலையில் உட்கார்ந்து படித்தாள். மருந்துக்குக்கூடப் பயம் வரவில்லை. கிரீச்சென்று கத்தும் கதவுக்கு யாராவது ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் ஏழு அத்தியாயம் மிச்சமாகியிருக்கும். கதாநாயகன் வழக்கம்போல் ஜன்னலோரம் நின்றான். என்ன நினைக்கிறான் என்று கடைசிப் பக்கம் வரை சொல்லவில்லை. எழுத்தாளருக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு! வாய் இருந்தது பேய்க்கு மட்டும்தான். அது அவன் மனைவியாக இருந்து செத்தவள். "நான் கேட்டேனே, ஏன் பதில் சொல்லலை?" என்று அறை அறையாக அலைந்தாள். அந்தக் காலத்தில் தங்கையின் பாட்டு தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

"ஞாயமாத்தானே கேக்குறா" என்றாள் அக்கா, வாய்விட்டு.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டவளுக்காவது ஏற ஒரு மரம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டாள். புத்தகத்தை மேஜையில் போட்டுவிட்டுக் காய் வாங்கக் கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது பட்டப்பகலில் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தன. கணவர் சோபாவில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புத்தகம் கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் தலையணை.

"எங்க போயிட்டே, இவ்வளவு நேரம்?"

அவள் கையிலிருந்த பை நழுவப் பார்த்தது. "காய் வாங்க."

"உள்ள ஏதோ உறுமுது."

"ஃபிரிட்ஜுங்க. நாலு வருஷமா உறுமுது."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவருக்கு விளக்கு வெளிச்சத்திலேயே தெரிந்தது போலும். ஒரு தடவை சமையலறையைப் பார்த்தார், ஒரு தடவை அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நீ அந்த ஊருக்குப் போகாதே."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகக்கூட இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க?" என்றாள் மெதுவாக.

அவர் நிஜமாகவே யோசித்தார். "ராத்திரி இந்த வீட்டுல நான் எப்படித் தனியாப் படுப்பேன்? லைட்டைப் போட்டுட்டா எனக்குத் தூக்கமும் வராதே."

"வேற?"

"வேற என்ன?"

கிண்டல் இல்லை, மறைப்பு இல்லை. பாவம், அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. உள்ளே இருந்ததை முழுசாகக் கொட்டிவிட்டார், அவ்வளவுதான் இருந்தது. அக்காவுக்குக் கை மயிர் சிலிர்த்தது. நாவல் முழுக்க ரத்தமும் ஓலமுமாக அந்த எழுத்தாளர் முயன்றும் வராத பயம், இந்த இரண்டே வார்த்தையில் வந்தது. இந்த சோபாவில், இவர் பக்கத்தில், இன்னும் எத்தனை வருஷம்!

எழுந்து போய் மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"லீவு நாள்ல தொந்தரவு பண்றேன், தப்பா நினைக்காதீங்க சார். புது கிளைக்கு நான் போறேன்."

"ரொம்ப சந்தோஷம்மா. வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டீங்களா?"

"நான் ரொம்ப வருஷமாப் பேசிட்டுத்தான் சார் இருக்கேன். இன்னிக்குத்தான் அவர் பேசினாரு."