இறந்தவர் அறிவித்த இறப்புகள்

ஊரில் மரண அறிவிப்புகளுக்குக் குரல் கொடுத்துவந்த குமரேசன் இறந்து நாலு மாதம் கழித்து, அவர் குரலில் ஒரு மரண அறிவிப்பைக் கேட்டேன். காலை வேளை. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ மெதுவாகப் போனது. முதலில் பெயர், பிறகு பிளாக், எந்த மைன்ஸில் ரிடையர் ஆனவர், சொந்த ஊர். பல மாவட்டத்துக்காரர்கள் குடியேறிய இடத்தில் பெயரை மட்டும் சொன்னால் ஆள் தெரியாது. அந்த வரிசையை வகுத்தவரே குமரேசன்தான். அன்று அவர் குரல் அறிவித்தவரோ முந்தின நாள் இறந்தவர்.

அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதி நிருபர். குமரேசனின் மனைவி செல்வி என்னைத் தேடி வந்தார்.

"செத்தவரு தெருவுல பேசிக்கினு போறாருங்க. எனக்குச் சோறு எறங்கல. நிறுத்த முடியுமா, முடியாதா?"

கடலூரில் தெரிந்த வக்கீலைப் போனில் கேட்டேன். ஒலிப்பதிவின் பதிப்புரிமை பதிவு செய்தவருடையது. பேசியவரும் நிகழ்த்துநர் என்ற முறையில் தனி உரிமை கோரலாம், அவருக்குப் பின் வாரிசு கோரலாம் என்றார். அவர் பேசாததைக் கம்ப்யூட்டர் அதே குரலில் பேசினால் என்று கேட்டேன். "சட்டத்துல அதுக்கு நேரா ஒரு வரி இல்ல சார். அனுமதி இல்லாம செஞ்சிருந்தா வாதாடலாம்."

செல்வியோடு, அந்த ஆட்டோவை அனுப்பும் வடக்குத்து கடைவீதி சவுண்ட் சர்வீஸுக்குப் போனேன். உரிமையாளர் பாபு, குமரேசனின் நண்பர்.

"மைக் என்னுது, ரெக்கார்டிங் என்னுது. செத்தவருக்கு என்ன சார் உரிமை?"

"நேத்து செத்தவர் பேரை குமரேசன் எப்ப ரெக்கார்டு பண்ணாரு?"

"பேப்பர்காரரு, விடமாட்டீங்களே!" பாபு சிரித்துவிட்டு செல்வியிடம் திரும்பினார். "அக்கா, அது அண்ணன் இல்ல, மிஷினு. எந்தப் பேரு குடுத்தாலும் சொல்லும். பாருங்க."

பயத்தைப் போக்கத்தான் லேப்டாப்பில் செல்வியின் பெயரை அடித்தார். வாசலில் நின்ற ஆட்டோவின் ஸ்பீக்கர் அதோடு இணைப்பில் இருந்ததை மறந்துவிட்டார்.

"செல்வி அவர்கள், வடக்குத்து, இன்று காலமானார்."

பெயருக்கு முன்னால் குமரேசன் இழுக்கும் மூச்சுகூட அதில் இருந்தது. எதிர்க்கடையில் டீ ஆற்றியவரின் கை அப்படியே நின்றது. செல்வி வாசலுக்கு வந்தார். தெருவில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் செல்வியின் போன் அடித்தது. சேத்தியாத்தோப்பில் இருக்கும் அவர் தம்பி. யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். "எப்ப எடுக்கறாங்க?" என்ற அழுகை எனக்கே கேட்டது.

"டேய், நாந்தான்டா பேசறேன்" என்றார் செல்வி.

 மறுமுனையில் போன் துண்டிக்கப்பட்டது.

பாபு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். "எல்லாத்தயும் அழிச்சிடறேங்க்கா."

"எல்லாம் வேணாம் தம்பி. அவரு வாயால பேசுனத வச்சிக்க. பேசாதத அழி."

பாபு எங்கள் முன்னாலேயே அழித்தார்.

வீடு திரும்பும் வழியில் செல்வி சொன்னார்: "கட்டிக்கினு வந்ததுலேந்து அவரு என்னப் பேரு சொல்லிக் கூப்ட்டதே இல்லீங்க. இன்னிக்குத்தான் மொத தடவ."

குரல் கொடுத்துப் பிழைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதற்குக் கொடுக்கிறீர்கள், எதுவரை, உங்களுக்குப் பின் யாரைக் கேட்க வேண்டும் என்பதை உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் வையுங்கள். பாபு அனுமதி கேட்டிருந்தால் குமரேசன் மறுத்திருக்கவும் மாட்டார். நண்பர்தானே என்று நினைத்துக் கேட்காமல் விட்டுவிட்டார்.