மூன்றாவது இலை

அத்தான் இறந்தபின் அக்கா ஈப்போவிலிருந்து டூங்கபிக்கு வந்து என்னோடு தங்கினாள். கொண்டுவந்தவை: இரண்டு பெட்டிகள், சீனப் பள்ளிக்கூட நாட்களின் தூரிகைகள், கல்லில் அரைக்கும் ஒரு மைக்கட்டி. அவளுக்குச் சீன ஆர்க்கிட் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பார்க்கப் புல்போல இருந்தது.

"இது பூத்தா இருக்கேன். இந்தக் குளிருக்கும் பூக்கலைன்னா ஊருக்குத் திரும்பிடுறேன்லா" என்றாள். அங்கே பூட்டிக் கிடந்த வீட்டில் அவள் தனியாக என்ன ஆவாள் என்பதுதான் என் பயம்.

ஆய்வகக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். செடிக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். இலைகள் பதினான்கு. நீளமானது நாற்பத்தொரு சென்டிமீட்டர். மொட்டு இல்லை.

அக்கா தினமும் வரைந்தாள். சீன முறையில் ஆர்க்கிட்டுக்கு முதலில் ஒரு நீண்ட இலை. இரண்டாவது அதைக் குறுக்கே கடக்கும்போது நடுவில் கண் போன்ற இடைவெளி விழும். மூன்றாவது இலை அந்தக் கண்ணைக் கிழித்துப் போக வேண்டும். அக்கா இரண்டோடு நிறுத்திவிடுவாள்.

"கை நின்னுடுது. யாரோ பிடிச்சுக்கிற மாதிரி."

சுவர் நிறையும்வரை தாள்களை ஒட்டினாள். முப்பத்தொரு கண்கள். அந்த அறையில் நான் முதுகைச் சுவர்ப்பக்கம் காட்டியதில்லை.

இங்கே குளிர் தொடங்கும் ஏப்ரல் முதலே மாலைதோறும் தொட்டியை உள்ளே கொண்டுவந்து ஹீட்டர் அருகே வைத்தோம். ஈப்போக்காரர்களுக்குக் குளிர் என்றாலே காய்ச்சல். ஜூனில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி அதைப் பார்த்துவிட்டார்.

"உங்களுக்கு விசரே? அதென்ன பச்சைப்பிள்ளையே, சூடு காட்ட? வெளியிலை விடுங்கோ. குளிர் பட்டாத்தான் பூக்கும்."

அன்றே வெளியே பின்முற்றத்தில் வைத்தோம். அதன்பிறகு, மொட்டே இல்லாத வீட்டில் பூ மணம் வரத் தொடங்கியது. நோட்டில் குறித்தேன்: செவ்வாய் காலை, சமையலறை. வியாழன், அத்தானின் படத்தருகே. தேடிப் போனால் மறைந்துவிடும்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு தண்டு தலைகாட்டியது. அக்கா பெட்டிகளைத் துடைத்து வைத்திருந்தாள். தண்டைப் பார்த்தும் அவற்றை உள்ளே வைக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அன்ரி வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு இருவரும் திரும்பினோம். கதவைத் திறந்ததும் அதே மணம். சுவரில் முப்பத்தொரு தாள்களிலும் மூன்றாவது இலை இருந்தது. ஒன்றைத் தொட்டேன். விரலில் கறுப்பு ஒட்டியது. முன்கதவு, பின்கதவு, ஜன்னல்கள், எல்லாம் பூட்டியபடியே இருந்தன. தூரிகைகள் காய்ந்திருந்தன.

"நீயா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

ஒவ்வொரு தாளாக நின்று பார்த்தாள். "நல்ல கோடு. என்னைவிட நிதானமான கை." பிறகு உட்கார்ந்து மை அரைக்கத் தொடங்கினாள். "தொட்டியை எடுத்துட்டு வா. பூத்திருக்கும்."

பூத்திருந்தது. ஒன்று, வெளிர்பச்சை. அதைப் பார்த்து வரைந்துகொண்டே சிரித்தாள். மறுநாள் ஈப்போவுக்குப் போன் செய்து, வீட்டை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

"அந்தத் தாளையெல்லாம் கழட்டிடலாமாக்கா?"

"ஏன்? இருக்கட்டும்லா."

அவள் அந்த அறையிலேயே படுத்து நிம்மதியாகத் தூங்கினாள். நான்தான் அந்த வாரம் முழுக்க அன்ரி வீட்டு சோபாவில் படுத்தேன்.